டிராகுலா பிறந்த கதை: ஸ்டோக்கர் பேட்டியில் சொன்னதும் தாளில் குறித்ததும்

1897 மே 26 அன்று லண்டனில் 'டிராகுலா' நாவல் வெளியானது. மஞ்சள் துணி அட்டை, சிவப்பு எழுத்து, விலை 6 ஷில்லிங். எழுதிய பிராம் ஸ்டோக்கருக்கு அப்போது வயது 49. லைசியம் என்ற புகழ்பெற்ற நாடக அரங்கின் நிர்வாகியாக இருந்தார். புத்தகம் வந்து ஐந்து வாரத்தில், ஜூலை 1 அன்று, 'பிரிட்டிஷ் வீக்லி' என்ற கிறிஸ்தவ வார இதழில் அவருடைய பேட்டி வெளிவந்தது. எடுத்தவர் ஜேன் ஸ்டாடர்ட் என்ற பத்திரிகையாளர். இன்றைக்கும் எந்தத் திகில் எழுத்தாளரைப் பார்த்தாலும் கேட்கிற அதே கேள்விகளைத்தான் அவரும் கேட்டார். கதை எப்படித் தோன்றியது? இந்த ரத்தக்காட்டேரி நம்பிக்கைக்கு ஏதாவது ஆதாரம் உண்டா?

ஸ்டோக்கரின் பதில்கள் சுருக்கமானவை. கதை வெகுநாளாக மனதில் இருந்தது, எழுதி முடிக்க ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது என்றார். உதவிய நூல்கள் என்று இரண்டைத்தான் பெயர் சொன்னார்: எமிலி ஜெரார்ட் ருமேனிய மூடநம்பிக்கைகள் பற்றி எழுதியவை, சபைன் பேரிங்-கூல்ட் ஓநாய் மனிதர்களைப் பற்றி எழுதிய நூல். ஆதாரம் பற்றிய கேள்விக்கு அவர் சொன்னதன் சாரம் இது: யாரோ ஒருவர் இறந்தவர் போல மயங்கிக் கிடந்திருக்கலாம், உயிர் போகுமுன்பே புதைத்திருப்பார்கள், பிறகு தோண்டிப் பார்த்தபோது உயிரோடு இருந்திருப்பார், அந்தப் பீதியில் அறியாத ஜனங்கள் ரத்தக்காட்டேரி உலவுவதாக நம்பியிருப்பார்கள். கதையில் ஏதும் படிப்பினை உண்டா என்றதற்கு, இருக்கும்தான், ஆனால் அதை வாசகர்களே கண்டுபிடித்துக்கொள்வது நல்லது என்று முடித்துக்கொண்டார்.

இவ்வளவோடு விஷயம் நின்றிருந்தால் நமக்கும் அந்த நான்கு பதில்கள்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் ஸ்டோக்கர் நாவலுக்காக எடுத்த குறிப்புகள் அழியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். சில அவர் கையெழுத்தில், அதுவும் படிப்பதற்குத் திணறவைக்கும் கையெழுத்தில், சில தட்டச்சில். அவர் இறந்த மறுவருடம், 1913இல், சதபீஸ் ஏலத்தில் 2 பவுண்டு 2 ஷில்லிங்குக்குப் போன இந்தக் கட்டு, 1970இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ரோசன்பாக் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 2008இல் ராபர்ட் எய்ட்டீன்-பிசாங், எலிசபெத் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அத்தனை பக்கங்களையும் அப்படியே நகலெடுத்து விளக்கத்தோடு பதிப்பித்தார்கள். பேட்டியையும் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த நாவலின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது.

குறிப்புகளில் தேதியிட்ட மிகப் பழைய தாள் 1890 மார்ச் 8ஆம் தேதியைச் சேர்ந்தது. அதில் கடிதங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பிரபு ஒருவர் இங்கிலாந்தில் சொத்து வாங்க விரும்பி வக்கீல்களுக்கு எழுதும் கடிதங்கள். அதே வருடம்தான் ஸ்டோக்கரும் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் அவர் டப்ளினில் அரசாங்க குமாஸ்தா. 1879இல் வந்த அவருடைய முதல் நூலே அயர்லாந்தின் சிறு நீதிமன்ற எழுத்தர்களுக்கான கையேடுதான். பத்திரம், ரசீது, தபால், ரயில் நேரம் என்று வாழ்ந்த மனிதர். அந்த மனிதர்தான் டிராகுலாவை ஒரு வக்கீல் வழியாக, கிரயப் பத்திரம் போட்டு, லண்டனுக்குள் கொண்டுவருகிறார்.

சரி, பயம் எப்போது நுழைந்தது? ஆரம்பக் குறிப்புகளிலேயே நுழைந்துவிட்டது. இளைஞன் ஒருவன் வெளியே வருகிறான், பெண்களைப் பார்க்கிறான், ஒருத்தி முத்தமிட வருகிறாள், உதட்டில் அல்ல, கழுத்தில். கிழப் பிரபு குறுக்கே பாய்கிறார், பேய்க்கோபத்தோடு. "இந்த மனிதன் எனக்குச் சொந்தம், எனக்கு இவன் வேண்டும்" என்கிறார். அடுத்த ஏழு வருடத்தில் ஊர் மாறியது, பெயர்கள் மாறின, பாத்திரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயின. இந்த ஒரு காட்சியை மட்டும் அவர் விடவே இல்லை. குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ராத்திரி நண்டு அதிகமாகச் சாப்பிட்டதால் வந்த கெட்ட கனவுதான் டிராகுலா என்று அவர் மகன் பிற்காலத்தில் சொன்ன கதை மிகவும் பிரபலம். அதை நம்பி முழு நாவலையும் ஒரு கனவின் கணக்கில் எழுதுவது ஸ்டோக்கரின் உழைப்புக்குச் செய்யும் அநியாயம் என்பேன். அந்தக் காட்சி கனவில் வந்ததாகவே இருக்கட்டும். மீதி நாவல் நூலகத்தில் வந்தது.

எந்த நூலகம் என்பதும் தெரியும். 1890 கோடையில் ஸ்டோக்கர் குடும்பத்தோடு யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பி என்ற துறைமுக ஊருக்கு விடுமுறைக்குப் போனார். ராயல் கிரசென்ட் தெருவில் 6ஆம் எண் விடுதி. அந்த ஊரின் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி 1820இல் எழுதிய, வலாக்கியா, மோல்டாவியா நாடுகளைப் பற்றிய நூலை எடுத்தார். நூலக எண்ணைக்கூடக் குறித்துக்கொண்டார். துருக்கியரோடு போரிட்ட 'டிராகுலா' என்ற பட்டமுள்ள ஒரு தலைவனைப் பற்றி அதில் சில வரிகள் வருகின்றன. கூடவே ஓர் அடிக்குறிப்பு: வலாக்கிய மொழியில் அந்தச் சொல் பிசாசைக் குறிக்கும், வீரத்தாலோ கொடூரத்தாலோ தந்திரத்தாலோ பேர் வாங்கியவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் அதைப் பட்டமாகக் கொடுப்பார்கள் என்று. ஸ்டோக்கர் தன் வில்லனுக்கு வைத்திருந்த பெயர் 'வாம்பையர் பிரபு'. அது அடிக்கப்பட்டு அந்த இடத்தில் 'டிராகுலா' எழுதப்பட்டிருப்பதைக் குறிப்புத் தாளில் கண்ணாலேயே பார்க்கலாம்.

வரலாற்று மன்னன் மூன்றாம் விளாடுக்கும் நாவலுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இவ்வளவுதான். எதிரிகளைக் கழுவேற்றிய அந்த மன்னனின் 'விளாட்' என்ற பெயர் குறிப்புகளில் எங்கும் இல்லை, நாவலிலும் இல்லை. கழுவேற்றமும் இல்லை. நாவலில் வரும் பிரபு தன்னை செக்கேலி இனத்தவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். விளாட் வலாக்கிய அரசன். 1972இல் மக்னலி, ஃபுளோரெஸ்கு என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இருவரும் ஒருவரே என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. யூடியூப் வீடியோக்களில் 'உண்மையான டிராகுலா' என்று ரத்தம் சொட்டச் சொட்டச் சொல்லப்படுவதெல்லாம் அந்த ஓட்டத்தில் வந்தவை. ஸ்டோக்கருக்கு அவனிடமிருந்து வேண்டியிருந்தது ஒரு பெயரும் கொஞ்சம் போர்ப் பெருமையும் மட்டுமே.

விட்பி அவருக்குக் கொடுத்த பெரிய கொடை வேறு. அங்கே கடலோரக் காவலரிடம் பேசி, கரைதட்டிய கப்பல்களைப் பற்றிய பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டார். 1885 அக்டோபர் 24 அன்று 'டிமிட்ரி' என்ற ரஷ்யப் பாய்க்கப்பல் புயலில் சிக்கி விட்பியில் கரை ஏறியிருந்தது. ஊர் நார்வா. சரக்கு ஏதும் இல்லை, நிலைப்புக்காக அடியில் வெள்ளி மணல் ஏற்றியிருந்தார்கள். நாவலில் பிரபுவைச் சுமந்துவரும் கப்பலின் பெயர் 'டிமீட்டர்'. ஊர் வார்னா, நார்வாவின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் வார்னா. அதுவும் ரஷ்யக் கப்பல், அதிலும் வெள்ளி மணல். அதனோடு சேர்த்து ஸ்டோக்கர் ஒன்றே ஒன்றை ஏற்றினார்: மண் நிரப்பிய மரப்பெட்டிகள், ஐம்பது. கப்பல் கரை சேரும் இடம்கூட ஊரில் உண்மையாகவே உள்ள டேட் ஹில் துறைதான். சுக்கானோடு கட்டப்பட்டு இறந்துகிடக்கும் தலைமை மாலுமியும், கரையில் குதித்து இருட்டில் ஓடும் நாயும் கற்பனை. அந்த இரண்டு கற்பனையையும் தாங்கி நிற்பவை காவலர் பதிவேட்டிலிருந்து வந்த மணலும் காற்றின் திசையும்.

அப்புறம் கல்லறைகள். துறைமுகத்திலிருந்து 199 படி ஏறினால் செயின்ட் மேரி தேவாலயம், அதைச் சுற்றி உப்புக்காற்றில் அரித்துப்போன நடுகற்கள். ஸ்டோக்கர் அங்கே நின்று கற்களில் இருந்த பெயர்களைப் பட்டியலாக எழுதினார். நாவலில் லூசியிடமும் மீனாவிடமும் பேசிக்கொண்டிருக்கும் கிழவர் ஸ்வேல்ஸின் பெயர் அந்தக் கற்களிலிருந்து வந்தது. அவர் பேசும் வட்டார வழக்கு, விட்பிச் சொற்களுக்கென்றே தொகுக்கப்பட்ட ஒரு சொற்பட்டியலிலிருந்து வந்தது. இந்தக் கற்களில் பாதி பொய் சொல்கின்றன, கடலில் போனவனுக்கு இங்கே என்ன கல்லறை என்று கிழவர் சண்டை பிடிப்பார். உடல் இல்லாத கல்லறைகளைப் பற்றிய இந்தப் பேச்சு, பின்னால் கல்லறையில் தங்காத ஓர் உடலுக்கு நம்மைத் தயார் செய்கிறது. முதல்முறை படிக்கும்போது யாருக்கும் தெரியாது.

ஸ்டோக்கர் பேட்டியில் பெயர் சொன்ன எமிலி ஜெரார்ட் யார்? ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கணவர் ஆஸ்திரிய ராணுவத்தில் குதிரைப்படை அதிகாரி. 1883 முதல் 1885 வரை கணவரின் பணி நிமித்தம், நாவலில் பிரபுவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியாவில் (இன்று ருமேனியாவின் ஒரு பகுதி) வசித்தார். அங்கே கேட்ட நம்பிக்கைகளை 1885இல் ஒரு கட்டுரையாக எழுதினார், பிறகு இரண்டு தொகுதி நூலாகவும் விரித்தார். செயின்ட் ஜார்ஜ் திருநாளின் முந்தைய இரவில் கெட்ட சக்திகள் உலவும், புதையல் உள்ள இடத்தில் நீலச்சுடர் எரியும், பிசாசே ஆசிரியராக இருக்கும் ஒரு பள்ளி மலைக்குள் உண்டு, அதில் படிக்கும் பத்துப் பேரில் ஒருவனைப் பிசாசு தனக்கென்று வைத்துக்கொள்ளும், இறந்தும் அடங்காதவனை அடக்க முளை அடிக்க வேண்டும், தலையை வெட்டி வாயில் பூண்டு திணிக்க வேண்டும். நாவலைப் படித்தவர்கள் இதில் எதையும் புதிதாகக் கேட்கவில்லை. ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. உலகத்தின் மனதில் இன்று இருக்கும் டிரான்சில்வேனியா, பெரும்பங்கு ஜெரார்டின் கண்ணால் பார்த்தது. அந்தப் பெண்மணியின் பெயர் டிராகுலா பேச்சில் இவ்வளவு அடியில் போய்விட்டது எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது. ஸ்டோக்கராவது பேட்டியில் நேர்மையாகச் சொன்னார்.

பேரிங்-கூல்டின் நூலிலிருந்து உடம்பு வந்தது. சேர்ந்த புருவம், உள்ளங்கை மயிர், நீண்ட நகம் எல்லாம் ஓநாய் மனிதனின் அடையாளங்கள். ஸ்டோக்கர் அவற்றை எடுத்துப் பிரபுவுக்கு அணிவித்தார். பல்லுக்கு மட்டும் நம் பக்கத்துக் கதையோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்ல வேண்டும். விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளில் சிலவற்றை 1870இல் ஆங்கிலத்தில் தன் போக்கில் எழுதிய ரிச்சர்ட் பர்ட்டன், அந்த நூலின் தலைப்பிலேயே வேதாளத்தை ரத்தக்காட்டேரி ஆக்கியிருந்தார். ஸ்டோக்கர் அவரை முதலில் சந்தித்தது 1878இல். பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில், பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் கத்திபோல மின்னியதை எழுதியிருக்கிறார். ஆனால் நாவலுக்காகப் படித்த நூல்கள் என்று அவர் குறித்த பட்டியலில் வேதாளக் கதை இல்லை. நம் முருங்கைமரத்து வேதாளம்தான் டிராகுலாவின் பாட்டன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். தாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இன்னொரு நூல் பட்டியலில் இருக்கிறது: இசபெல்லா பேர்ட் மலேயாவில் பயணம் செய்து 1883இல் எழுதியது. தலையும் குடலுமாக உடம்பை விட்டுப் பறந்து ரத்தம் தேடும் பெனாங்கலானைப் பற்றி அதில் உண்டு. மலேசியத் தமிழர்களுக்கு இது பாட்டி சொன்ன பயம். பேட்டியில் ஸ்டோக்கர் இந்த நம்பிக்கை உள்ள நாடுகளை அடுக்கும்போது சீனா, ஐஸ்லாந்து, துருக்கி என்று போய் மலாய்த் தீபகற்பத்தையும் சேர்த்தது இந்த வாசிப்பினால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது முதலில் வரும் ஊர். இந்த நம்பிக்கை மிக நீண்ட காலம், மிக வலுவாக நின்றது ஸ்டீரியாவில் என்கிறார் ஸ்டோக்கர். ஸ்டீரியா என்பது ஆஸ்திரியாவின் ஒரு பகுதி. டிரான்சில்வேனியா நாவலை எழுதி வெளியிட்டுவிட்டு ஏன் ஸ்டீரியாவைச் சொல்ல வேண்டும்? ஏனென்றால் ஆரம்பக் குறிப்புகளில் பிரபுவின் கோட்டை இருந்தது ஸ்டீரியாவில். அந்த ஊரை அவருக்குக் கொடுத்தது, 1872இல் நூலாக வந்த ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' என்ற ரத்தக்காட்டேரிக் கதையாகத்தான் இருக்க வேண்டும். லெ ஃபானு பங்குதாரராக இருந்த டப்ளின் மாலைப் பத்திரிகையில்தான் ஸ்டோக்கர் இளவயதில் சம்பளமில்லாமல் நாடக விமர்சனம் எழுதினார். பேட்டியில் லெ ஃபானு பெயர் வரவில்லை. ஆனால் ஊர் வந்துவிட்டது.

குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த தாள், ரத்தக்காட்டேரியின் குணங்களைப் பட்டியலிடும் தாள். பிரபுவின் வீட்டில் கண்ணாடி இருக்காது, அவன் உருவம் கண்ணாடியில் விழாது, நிழல் கிடையாது. உணவோ பானமோ தொடமாட்டான். இருட்டில் பார்ப்பான். வாசற்படியை யாராவது அழைத்தோ தூக்கியோதான் தாண்டமுடியும். இவை நாவலுக்குள்ளும், அதிலிருந்து பின்னால் வந்த சினிமாக்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. நாவலுக்குப் போகாதவையும் உண்டு. ஓவியர் யாராலும் அவனை வரைய முடியாது, எத்தனை முயன்றாலும் வேறு யாரோ போலத்தான் வரும். புகைப்படம் எடுத்தால் கறுப்பாகவோ எலும்புக்கூடாகவோ விழும். சங்கீதம் அவனுக்கு உறைக்காது. கண்ணாடியில் உருவம் விழாத ரத்தக்காட்டேரி நாட்டார் நம்பிக்கையிலிருந்து நேராக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதை இலக்கியத்தில் நிலைநிறுத்தியது இந்த ஒரு தாள். ஓவியக் குணத்தையும் வைத்திருந்தால் நாவல் இன்னும் விசித்திரமாக ஆகியிருக்கும். ஆனால் நீக்கியது சரி. சவரக் கண்ணாடியில் பக்கத்தில் நிற்பவன் தெரியாமல் போவது எந்த வாசகருக்கும் உடனே பிடிபடும். ஓவியத்துக்கு ஒரு ஓவியர், ஒரு காட்சி, ஒரு விளக்கம் வேண்டும்.

நீக்கப்பட்டவை இன்னும் நிறைய. துப்பறிவாளர் ஒருவர், ஆவி ஆராய்ச்சியாளர் ஒருவர், ஜெர்மன் பேராசிரியர் ஒருவர். இந்த மூவரின் வேலையையும் கடைசியில், நாவலில் பிரபுவை எதிர்த்து வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஒருவரே செய்கிறார். பதின்மூன்று பேர் ஒரு விருந்தில் கூடி ஆளுக்கொரு விசித்திரக் கதை சொல்ல, முடிவில் பிரபு உள்ளே வரும் ஒரு காட்சியும் திட்டத்தில் இருந்து கைவிடப்பட்டது.

இப்போது பேட்டியில் அவர் சொன்ன அந்த ஒரு பதிலுக்கு வருகிறேன், உயிரோடு புதைக்கப்பட்டவர்களைப் பற்றியது. அதை அவர் பொதுவான ஊகம் போலச் சொல்லிவிட்டுப் போனார். அது அவர் வீட்டுக் கதை.

ஸ்டோக்கரின் அம்மா ஷார்லட் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்லைகோ நகரத்தில் வளர்ந்தவர். 1832இல், அவருக்கு 14 வயதில், அந்த ஊரைக் காலரா தாக்கியது. ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து, மகன் கேட்டுக்கொண்டதால், தான் பார்த்ததை எழுதிக் கொடுத்தார். நோய்கண்டு சாலையோரம் விழுந்த ஒரு வழிப்போக்கனைத் தொடப் பயந்து, ஊரார் குழி வெட்டி நீளமான கம்புகளால் அவனை உயிரோடு உள்ளே தள்ளி மூடினார்கள். ஒருவன் நோயுற்ற மனைவியை முதுகில் சுமந்துவந்து மருத்துவமனையில் சேர்க்கிறான். இடுப்பு வலிக்கு இதமாக அவளுக்குச் சிவப்புத் துணி ஒன்று சுற்றியிருக்கிறான். திரும்பி வந்து கேட்டால் அவள் இறந்துவிட்டாள் என்கிறார்கள். பிணக்குவியலில் தேடும்போது சிவப்புத் துணி தெரிகிறது. இழுத்துப் பார்த்தால் உயிர் இருக்கிறது. வீட்டுக்குத் தூக்கிப் போகிறான், பிழைத்துக்கொள்கிறாள். மிகவும் உயரமான ஒரு பழைய சிப்பாய் இறந்ததாக நினைத்துச் சவப்பெட்டி கொண்டுவருகிறார்கள், பெட்டி நீளம் போதவில்லை, காலை உடைத்து உள்ளே வைக்கலாம் என்று சுத்தியலை ஓங்குகிறார்கள். முதல் அடியில் சிப்பாய் விழித்துக்கொள்கிறார். ஷார்லட்டின் குடும்பம் ஊரைவிட்டு ஓடியபோது, போகும் வழியில் இருந்த ஊர்க்காரர்கள் உள்ளே விடாமல் மறித்துத் திருப்பினார்கள். கொரோனாவின் முதல் மாதங்களைக் கண்ட தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த அம்மாவின் மகன், ஏழு வயதுவரை என்னவென்று தெரியாத நோயால் நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தான். படுத்துக் கிடந்து கதை கேட்பதுதான் அவன் குழந்தைப்பருவம். சிறுவர்களுக்காக அவர் முதலில் எழுதிய கதைத் தொகுப்பிலேயே, ஊரை நோக்கி வரும் கொள்ளைநோயை, ஒரு சிறுமியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் ராட்சதனாக எழுதினார். 'டிராகுலா'வுக்கான குறிப்புகளிலும் இந்த இழை வேறு வேடத்தில் வருகிறது. கதாநாயகன் மியூனிக் நகரின் சவக்கிடங்கைப் பார்க்கப் போவதாக ஒரு திட்டம். அந்த நகரத்தில் இறந்தவர்களை உடனே புதைக்காமல் ஒரு கூடத்தில் கிடத்தி, விரலில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை மணியோடு இணைத்து, காவலாளி உட்கார்ந்திருப்பார். உயிர் இருந்து விரல் அசைந்தால் மணி அடிக்கும். காட்சி நாவலில் இடம்பெறவில்லை. ஆனால் அதன் பின்னால் உள்ள சந்தேகம், அதாவது இவர் உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்பது, நாவலின் நடுமுதுகெலும்பாக நின்றுவிட்டது.

லூசியின் பகுதியை இந்த நினைப்போடு படித்துப் பாருங்கள். அவள் தினமும் வெளுத்துப்போகிறாள், நான்கு ஆண்கள் முறைவைத்து ரத்தம் கொடுக்கிறார்கள். (ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டது 1901இல், 1897 வாசகருக்கு இந்த வைத்தியத்தில் குறை ஏதும் தெரிந்திருக்காது.) இறக்கிறாள். இறந்தபின் அழகு கூடுகிறது. கல்லறையில் பெட்டியைத் திறந்தால் கன்னம் சிவந்திருக்கிறது. அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆர்தருக்கு, உயிரோடு புதைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வருகிறது, நமக்கும் வருகிறது. அந்த நிலையில் அவள் நெஞ்சில் முளையை வைத்து அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவனே அடிக்க வேண்டும். பூண்டையும் சிலுவையையும் எடுத்துவிட்டால் மீதி நிற்பது ஸ்லைகோவில் சுத்தியலோடு நின்றவர்களின் நிலைமை. ஸ்டோக்கர் அதைத் தலைகீழாக்கியிருக்கிறார். அங்கே உயிருள்ளவரை இறந்தவர் என்று நினைத்து அடித்தார்கள். இங்கே உயிருள்ளவள் போலத் தோன்றுபவளை, இல்லை இவள் இறந்தவள்தான் என்று நம்பி அடிக்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கை தவறினால் அது கொலை. அந்தக் காட்சி இன்றும் வாசகரை உலுக்குவதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இது கிழக்கு ஐரோப்பாவின் பழங்கதை மட்டும் அல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் எக்ஸிடர் என்ற ஊரில் 1892இல் காசநோயால் இறந்த மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண்ணின் உடலைத் தோண்டி எடுத்து, இதயத்தை எரித்து, சாம்பலை நோயுற்ற அண்ணனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். சில வாரங்களில் அவனும் இறந்தான். நியூ இங்கிலாந்தின் ரத்தக்காட்டேரி நம்பிக்கைகளைப் பற்றி 1896இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த செய்தித் துணுக்கு ஸ்டோக்கரின் குறிப்புகளோடு இருக்கிறது. நாவல் அப்போது பெருமளவு உருவாகிவிட்டதால் இதைத் தூண்டுதல் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் அவருடைய ஊகத்துக்குச் சமகாலச் சாட்சி ஒன்று கிடைத்தது.

இவ்வளவு பெரிய பயத்தை அவர் எழுத்தில் எப்படி நம்பவைத்தார் என்று கேட்டால், மறுபடியும் அந்தக் குமாஸ்தாவிடம்தான் போக வேண்டும். நாவலின் முதல் வரியிலேயே ரயில் வருகிறது: மே 1 இரவு 8.35க்கு மியூனிக்கிலிருந்து கிளம்பியது, காலை 6.46க்கு வியன்னா போயிருக்க வேண்டும், ஒரு மணி நேரம் தாமதம். குறிப்புகளில் 1893ஆம் வருடத்து நாட்காட்டியில் யார் எந்தத் தேதியில் எங்கே இருக்கிறார்கள் என்று நாள்வாரியாக எழுதிவைத்திருக்கிறார். நாவலில் வரும் மனநோயாளி ரென்ஃபீல்டின் மண்டை உடைந்தால் உடம்பில் என்னென்ன நடக்கும் என்பதைப் பெரிய அறுவை மருத்துவரான அண்ணன் தார்ன்லியிடம் கேட்டு வாங்கினார். அவர் கொடுத்த குறிப்பும் படமும் இந்தத் தாள்களோடு இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் குரூடன் பே கடற்கரையில் தங்கி எழுதிய நாட்களில் பக்கத்திலிருந்த ஸ்லெய்ன்ஸ் கோட்டையின் எண்கோண அறையைப் பார்த்து, ஜன்னல் இல்லாத எண்கோண அறையைப் பிரபுவின் கோட்டைக்குள் வைத்தார் என்பார்கள். அறை நாவலில் அப்படியே இருக்கிறது. லண்டன் நூலகத்தில் அவர் உறுப்பினராக இருந்து படித்த நூல்களை 2018இல் தேடியபோது, குறிப்புகளில் உள்ள வரிகளுக்கு நேராகப் பென்சில் கோடும் பெருக்கல் குறியும், மடித்த பக்கமுனையுமாக 26 நூல்கள் கிடைத்தன. நூலகப் புத்தகத்தில் கோடு போடுவது தப்புதான். இந்த ஒரு முறை அதற்காக நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அவருடைய முதலாளி, நடிகர் ஹென்றி இர்விங்கின் அதிகாரத் தோரணைதான் டிராகுலா என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலருக்குப் பிடித்த விளக்கம். 27 வருடம் ஒரு மனிதனுக்காக உழைத்தவரின் எழுத்தில் அந்த மனிதனின் சாயல் விழாமல் இருக்காது. ஆனால் குறிப்புகளில் அப்படி ஒரு வரி இல்லை. புடாபெஸ்ட் பேராசிரியர் வாம்பேரியைப் பற்றியும் இதையே சொல்லலாம்: 1890இல் இருவரும் ஒரு விருந்தில் சந்தித்தார்கள், நாவலில் அவர் பெயரை ஒத்த ஒரு நண்பர் தகவல் தருகிறார், அதற்கு மேல் கட்டப்பட்டவை எல்லாம் பிற்காலத்து ஊகம்.

நாவல் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு, மே 24 அன்று, முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு ஒரு பிரதி அனுப்பிக் கூடவே ஸ்டோக்கர் எழுதிய கடிதம் இருக்கிறது. புத்தகத்தில் பயங்கரங்கள் நிறைய உண்டு, ஆனால் இரக்கத்தாலும் பயத்தாலும் மனதைத் துலக்குவதே அவற்றின் நோக்கம் என்கிறார். மூடநம்பிக்கையை மூடநம்பிக்கையின் ஆயுதங்களாலேயே எதிர்த்திருக்கிறேன், அது தெய்வநிந்தை ஆகாது என்று நம்புகிறேன் என்கிறார். அம்மா ஷார்லட் அப்போது உயிரோடு இருந்தார். புத்தகத்தைப் படித்துவிட்டு, நீ இதுவரை எழுதியதையெல்லாம் இது எங்கேயோ தாண்டிவிட்டது என்று மகனுக்கு எழுதினார்.

புதிதாக நாவலைத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. 7ஆம் அத்தியாயத்தை, அதாவது டிமீட்டர் கப்பலின் நாட்குறிப்பு வரும் பகுதியை, அவசரமில்லாமல் படியுங்கள். மாலுமி எழுதும் தேதிகள், காற்று, காணாமல் போகும் ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் ஓர் அலுவலகப் பதிவேட்டின் குரலில்தான் வருகின்றன. பிரபு அந்தப் பக்கங்களில் ஏறக்குறைய தலைகாட்டுவதே இல்லை.